குறும்பர் கம்பளி: தொண்டை நாட்டுக் கதையும் ஒரு தொழிலின் வரலாறும்

குறும்பர் கம்பளி என்பது தென்னிந்திய ஆயர் குடிகளுள் ஒன்றான குறும்பர், தாம் வளர்க்கும் ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, நூற்று, கைத்தறியில் நெய்யும் முரட்டுத் துணி. போர்வை, விரிப்பு, மழைக்காப்பு ஆகிய மூன்றுக்கும் அதுவே உதவும். தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களிலும் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும் இத்தொழில் பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. இப்போது ஒரு சில ஊர்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்வோருக்குக் குறும்பர் என்ற பெயர் புதிதன்று. புழல் கோட்டையை ஆண்டவர்கள், தொண்டைமானிடம் தோற்றவர்கள் என்று திருமுல்லைவாயில் கோவில் வரலாற்றில் அவர்களைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். அந்தக் கதையில் குறும்பருக்குப் பகைவர் என்ற வேடம் மட்டுமே உண்டு. அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், நாட்டுக்கு என்ன தந்தார்கள் என்பதைக் கதை சொல்வதில்லை. இக்கட்டுரை அந்தக் கதையையும் கம்பளித் தொழிலையும் சேர்த்துப் பார்க்கிறது.

சொல்லும் பொருளும்

குறும்பு என்ற சொல்லுக்கு இன்று சேட்டை என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அதற்குச் சிறிய அரண், காட்டரண் என்ற பொருளும் உண்டு. அத்தகைய அரண்களில் இருந்த சிறு தலைவர்கள் குறும்பர் எனப்பட்டனர். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர் பெருமிழலைக் குறும்ப நாயனார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சைவ மரபில் குறும்பர் என்ற பெயர் அடியார் ஒருவருக்கும் உரியது.

அதே சொல்லோடு ஒட்டிய இன்னொரு சொல் குறும்பாடு. கம்பளிக்கு ஏற்ற மயிர் அடர்ந்த ஆட்டினத்தை இச்சொல் குறிக்கும். கொங்கு நாட்டில் கோயம்புத்தூர்க் குறும்பை என்றும், திருச்சிப் பகுதியில் கருங்குறும்பை என்றும் வழங்கும் ஆட்டினங்களின் பெயர்களிலும் இந்த வேரைக் காணலாம். பேச்சு வழக்கில் இதைக் குரும்பை என்றும் எழுதுகிறார்கள்.

கம்பளி, கம்பளம் என்னும் இரண்டும் வடமொழிக் கம்பலம் என்ற சொல்லோடு உறவுடையவை. தமிழ் வழக்கில் இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டு. உடலைப் போர்த்துவது கம்பளி. தரையில் விரிப்பது கம்பளம். பாவு நூல்களில் வண்ண மயிரிழைகளை ஒவ்வொன்றாக முடிந்து, மேற்பரப்பு மெத்தென்று இருக்கும்படி செய்யும் உயர்ந்த விரிப்பு ரத்தினக் கம்பளம். ஆயர் நெய்தது முதல் வகை. அரண்மனைக்கும் ஏற்றுமதிக்கும் நெய்யப்பட்டது மூன்றாம் வகை.

மயிர் நெசவு தமிழகத்தில் பழமையானது. சிலப்பதிகாரம் பூம்புகார் நகரை வருணிக்குமிடத்தில் பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூன்றிலும் நெய்வோரைக் குறிப்பிடுகிறது. அவர்கள் இன்ன குடியினர் என்று நூல் கூறவில்லை.

புழலும் திருமுல்லைவாயிலும்

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியின் பெயர் இதே ஊரிலிருந்து வந்தது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோவிலின் தலவரலாறு புழல் கோட்டையோடு பிணைந்தது.

தலவரலாறு கூறுவது இது. ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்கள் இப்பகுதியில் வலிமையோடு இருந்தனர். அவர்களை அடக்கத் தொண்டைமான் படையெடுத்து வந்தான். வழியில் அவனது யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடியை வாளால் வெட்டியபோது கீழிருந்த சிவலிங்கத்தின் மீது வெட்டு விழுந்து குருதி பெருகியது. மன்னன் கலங்க, இறைவன் காட்சி தந்து, நந்தியைத் துணையாக அனுப்பினார். குறும்பர் வீழ்ந்தனர். அவர்களது கோட்டையிலிருந்து கொண்டுவந்த எருக்கந்தூண்கள் இரண்டு கருவறை முன்பு நிறுத்தப்பட்டன.

இந்தக் கதையின் அடையாளங்களை இன்றும் கோவிலில் பார்க்கலாம். நந்தி வழக்கம்போல் இறைவனை நோக்காமல், போருக்குப் புறப்பட்டதுபோல் வெளிப்புறம் நோக்கியிருக்கிறது. வெட்டுப்பட்ட லிங்கத்திற்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு சார்த்தப்பட்டுள்ளது. எருக்கஞ்செடி தூணாகும் அளவுக்குப் பருப்பது அரிது. ஆகவே அந்தத் தூண்களை வியப்போடு பார்ப்பவர்கள் பலர்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரர் திருமுல்லைவாயிலைப் பாடியுள்ளார். அந்தப் பதிகத்தில் தொண்டைமானும் உண்டு. அவன் யானையைக் கட்டிய முல்லைக்கொடியும் உண்டு. இறைவன் வெளிப்பட்டு அருளியதும் உண்டு. ஆனால் அந்நிகழ்ச்சியைச் சொல்லும் பாடலில் குறும்பர் இல்லை. யானையும் கொடியும் பழைய அடுக்கு. குறும்பரோடு நடந்த போர் தலபுராண மரபு சேர்த்த அடுக்கு. ஒரே கதையில் இரண்டு காலத்துச் செய்திகள் கலந்திருப்பதை இவ்வாறு ஒப்பிட்டால்தான் அறிய முடியும்.

ஓலைச்சுவடிகள் சொன்ன குறும்பர்

இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த காலின் மெக்கன்சி, ஊர் ஊராக ஆட்களை அனுப்பிச் சுவடிகளையும் வாய்மொழி வரலாறுகளையும் திரட்டினார். அவற்றுள் தொண்டை மண்டலக் குறும்பரைப் பற்றிய வரலாறுகளும் உள்ளன. அவை தரும் சித்திரம் தலபுராணத்திலிருந்து வேறுபடுகிறது.

அவற்றின்படி குறும்பர் இந்நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்துக்கொண்டு ஆண்டனர். கமண்டக் குறும்பப் பிரபு என்ற தலைவன் புழலில் கோட்டை கட்டினான். அவர்கள் கடல் வணிகரோடு வாணிகம் செய்தனர். சமண முனிவர் ஒருவர் வந்து அவர்களைத் தம் சமயத்தில் சேர்த்தார். பின்னர் ஆதொண்டச் சக்கரவர்த்தி படையெடுத்து வந்து அவர்களை வென்றான். புழலில் இன்றும் ஆதிநாதருக்குரிய சமணக் கோவில் ஒன்று இருப்பதை இந்த மரபோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

ஒரு கதையில் கொடியவர்கள். இன்னொரு கதையில் ஆட்சிமுறை வகுத்தவர்கள், வணிகர்கள், சமணர்கள். இரண்டையும் அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும் சமயச் சார்பு மாறும்போது அதே மக்களின் உருவம் எவ்வளவு மாறுகிறது என்பது தெளிவாகிறது.

கதை நில உரிமைக்குச் சான்றானது

புழல் கதை கோவிலோடு நிற்கவில்லை. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு, சென்னையைச் சுற்றிய பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக அளித்தார். இதுவே பிறகு செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அந்தப் பரப்பில் அடங்குபவை. நிலவரியை யாரிடம் வாங்குவது, நிலம் யாருடையது என்ற கேள்வி கம்பெனி அதிகாரிகளுக்கு எழுந்தது. இவ்வூர்களில் வேளாளரும் பிறரும் கொண்டிருந்த காணியாட்சி உரிமை, அதாவது மிராசு, பெரிய வழக்காக வளர்ந்தது.

சென்னைக் கலெக்டராக இருந்தவரும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான பிரான்சிஸ் வைட் எல்லிஸ், மிராசு உரிமை பற்றி 1818-இல் வெளியான விரிவான ஆய்வில் தொண்டை மண்டலக் குடியேற்ற மரபை எடுத்துப் பேசினார். குறும்பரை வென்ற ஆதொண்டன் வேளாளரை இங்கே குடியமர்த்தினான் என்ற மரபு, அவர்களது நில உரிமையின் பழமைக்கு விளக்கமாக அமைந்தது. இவ்வாறு குறும்பர் தோல்வி என்னும் பழங்கதை வருவாய்த்துறை விவாதத்திலும் இடம்பெற்றது. நாட்டில் முன்பு இருந்தவர்கள் யார், பின்பு வந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் பணமதிப்பு இருந்தது.

பின்னர், சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஆப்பர்ட், 1893-இல் வெளியிட்ட இந்தியாவின் தொல்குடிகள் பற்றிய நூலில் குறும்பரைப் பற்றி நீளமாக எழுதினார். புழல் குறும்பரையும் ஆடு மேய்க்கும் குறும்பரையும் நீலகிரிக் குறும்பரையும் அவர் ஒரே பெருங்குடியின் கிளைகளாகக் கண்டார்.

ஒரு பெயர், பல மக்கள்

ஆப்பர்ட்டின் கருத்தைப் பின்வந்த அறிஞர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. குறும்பர் என்ற ஒரே பெயர் வாழ்க்கைமுறையில் மிகவும் வேறுபட்ட மக்களுக்கு வழங்குகிறது.

நீலகிரியில் ஆலுக்குறும்பர், ஜேனுக்குறும்பர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய பிரிவினர் உள்ளனர். அவர்கள் காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், கூடை முடைதல் ஆகியவை அவர்களது தொழில்கள். கம்பளி நெய்வது அவர்கள் மரபன்று.

கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை முதலிய பகுதிகளில் வாழும் குறும்பர், அல்லது குறுமன்கள், ஆடு வளர்ப்போர். இவர்களுள் பலர் வீட்டில் கன்னட மொழியின் ஒரு வடிவத்தைப் பேசுகிறார்கள். வீரபத்திரர் இவர்களது முதன்மையான தெய்வம். விழாவில் பூசாரி அடியார்களின் தலையில் தேங்காய் உடைப்பது இவர்களது புகழ்பெற்ற வழக்கம். கர்நாடகத்தில் குருபர் என்றும் தெலங்கானாவில் குருமர் என்றும் வழங்குவோர் இவர்களோடு உறவுடையவர்கள்.

இந்தப் பெயர் வேறுபாடு ஏட்டுப் பிரச்சினையோடு முடிவதில்லை. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் குறுமன்கள் என்ற பெயர் மாநிலம் முழுவதற்கும் உரியதாக உள்ளது. குறும்பர் என்ற பெயரோ நீலகிரி மாவட்டத்திற்கு மட்டும் உரியதாக உள்ளது. எனவே ஒரு குழந்தையின் சான்றிதழில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பது அதன் கல்வியையும் வேலையையும் பாதிக்கும்.

புழலை ஆண்ட குறும்பரும் இன்று கம்பளி நெய்யும் குறும்பரும் ஒரே மரபினர் என்று உறுதிசெய்யும் கல்வெட்டு எதுவும் காட்டப்படவில்லை. பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு இரண்டையும் ஒன்றாக்குவது சரியாகாது. ஆயினும் குறும்பாடு என்ற சொல், குறும்பர் என்ற பெயரையும் கம்பளி மயிரையும் தமிழில் பிணைத்து வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பைத் தொடர்ந்து சென்றால் தொழிலின் வரலாற்றை அடையலாம்.

ஆடும் மயிரும்

எல்லாச் செம்மறி ஆடும் கம்பளி தராது. தமிழ்நாட்டு ஆட்டினங்களை இருவகையாகப் பிரிக்கலாம். சென்னைச் சிவப்பு, மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர் ஆகியவை குட்டை மயிர் கொண்டவை. இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்படுபவை. கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை ஆகியவை முரட்டுக் கம்பளி மயிர் தருபவை. நீலகிரி ஆடு, ஐரோப்பிய இனங்கள் கலந்து உருவானது; அதன் மயிர் மென்மையானது.

இதில் சென்னைச் சிவப்பு என்பது திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு உரிய இனம். அதாவது, குறும்பர் ஆண்டதாகச் சொல்லப்படும் புழல் வட்டாரத்தில் இன்று மேயும் நாட்டு ஆட்டிலிருந்து ஒரு கம்பளிகூட நெய்ய முடியாது. ஆகவே கம்பளித் தொழிலைக் காண நாம் பூந்தமல்லிச் சாலையில் மேற்கே சென்று, வாலாஜாபேட்டை, வேலூர் தாண்டி, தக்காணப் பீடபூமியின் விளிம்பை அடைய வேண்டும். மழை குறைந்த அந்த மேட்டு நிலத்தில்தான் மயிர் அடர்ந்த கறுப்பு ஆடுகள் வளர்ந்தன.

உடைக்குப் பயன்படும் மெரினோ ஆட்டின் மயிர் சுமார் 20 மைக்ரான் பருமன் கொண்டது. தக்காண ஆட்டின் மயிர் ஏறக்குறைய அதற்கு இருமடங்கு பருமன். உடலில் பட்டால் குத்தும். ஆனால் உறுதி மிகுதி. மயிரில் இயல்பாக உள்ள கொழுப்புப் பசை தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. கம்பளி நனைந்தாலும் சூட்டை முழுவதும் இழப்பதில்லை. தீப்பொறி பட்டாலும் பருத்திபோல் சட்டென்று பற்றிக்கொள்ளாது. திறந்த வெளியில் நெருப்பு மூட்டிப் படுப்பவனுக்கு இது பெரிய பாதுகாப்பு.

வெப்ப நாட்டில் கம்பளி எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆயர் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை இரவு முழுவதும் அடைத்து வைப்பதைக் கிடை போடுதல் என்பர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும். அதற்காக நிலத்துக்காரர் ஆயருக்குத் தானியமோ பணமோ தருவார். கிடைக்குக் காவல் இருப்பவர் மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் வெட்டவெளியில்தான் படுக்க வேண்டும். அவருக்குக் கம்பளியே கூரை, கம்பளியே பாய். அதை ஒருபுறம் கூம்பாக மடித்துத் தலைவழியே போட்டுக்கொண்டால் கொங்காடை ஆகிவிடும்.

நெய்யும் முறை

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சென்னை மாகாணக் கம்பளித் தொழிலைப் பற்றி 1898-இல் ஒரு தனி அறிக்கை எழுதினார். பிறகு 1909-இல் வெளியான தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதிகளிலும் குறும்பரைப் பற்றி விரிவாக எழுதினார். அக்காலத்திலிருந்து வேலை முறையில் பெரிய மாற்றம் இல்லை.

முதலில் ஆடுகளை ஏரியிலோ ஆற்றிலோ கழுவுவார்கள். உலர்ந்த பின் பெரிய கத்தரியால் மயிரைக் கத்தரிப்பார்கள். கறுப்பு, பழுப்பு, சாம்பல், வெள்ளை என நிறம் பார்த்துத் தனித்தனியாகப் பிரிப்பார்கள். முள்ளும் தூசியும் நீக்கிய மயிரை வில் நாணால் அடித்துப் பஞ்சுபோல் ஆக்குவார்கள். அதைப் பெண்கள் இராட்டையிலோ தக்கிளியிலோ நூற்பார்கள். ஒரு கம்பளிக்கு வேண்டிய உழைப்பில் பெரும்பங்கு இந்த நூற்பில்தான் செலவாகிறது. தறியில் அமர்பவர் ஆண் என்பதால் நெசவாளர் என்ற பெயர் அவருக்குப் போகிறது. நூற்ற பெண்ணின் பெயர் கணக்கில் வருவதில்லை.

நூற்ற நூலைப் பாவாக நீளவாட்டில் முளைகளுக்கிடையே இழுத்துக் கட்டுவார்கள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய கஞ்சியைப் பாவின் மீது தூரிகையால் தடவி வெயிலில் காய வைப்பார்கள். மயிர் நூல் பிசிறுகளை அடக்கி, தறியில் அறாமல் காக்க இது தேவை. பிறகு குழித்தறியில், அல்லது தரையோடு கட்டிய எளிய தறியில், நெசவு நடக்கும். ஊடை நூலைச் செலுத்திய பின், வாள்போன்ற கனத்த மரப்பலகையால் ஓங்கி அடித்து நெருக்குவார்கள். அடி எவ்வளவு பலமோ அவ்வளவுக்குக் கம்பளி மழையைத் தாங்கும். தறியின் அகலம் போதாத இடங்களில் இரண்டு பட்டைகளை நெய்து நடுவில் கையால் தைத்து இணைப்பார்கள்.

கோலங்களும் வடிவமும்

கடைகளில் பழங்குடிக் கோலம் என்ற பெயரில் விற்கும் விரிப்புகளில் சிவப்பும் நீலமும் கலந்த சாய்சதுரங்களும் முக்கோணங்களும் நிறைந்திருக்கும். குறும்பர் கம்பளி அப்படி இராது. அதன் நிலம் கறுப்பு. ஓரங்களில் வெள்ளை அல்லது பழுப்புக் கோடுகள். சிலவற்றில் முந்தியில் பல்வரிசை போன்ற சிறு கோலம். சாயம் கிடையாது, ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம். கோட்டின் எண்ணிக்கையும் இடமும் ஊருக்கு ஊர் மாறும்.

வடிவமும் எப்போதும் நீண்ட சதுரமே. தறியில் பாவு நேராக ஓடுவதால் நெய்த துணி இயல்பாகவே நான்கு மூலை கொண்டதாகும். வட்டமான விரிப்பு வேண்டுமானால் வேறு வழி தேட வேண்டும். சடைபோல் பின்னிய கயிற்றைச் சுருளாகச் சுற்றித் தைக்கலாம். மயிரை நனைத்து அழுத்திக் கனத்த கம்பளித் தாளாக்கி வட்டமாக வெட்டலாம். நீண்ட சதுரப் பாவிலேயே வட்டத்திற்குள் மட்டும் முடிச்சுகள் இட்டு, எஞ்சிய பாவை வெட்டி ஓரம் கட்டலாம். இது மிகவும் உழைப்பு கேட்பது. இன்று விற்பனையில் உள்ள வட்டக் கம்பளங்களில் பல, துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் இழைகளைச் செலுத்தி, பின்புறம் பசை தடவி, மேலே வேறு துணி ஒட்டிச் செய்யப்பட்டவை. விரிப்பைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கையால் முடிந்ததில் பின்புறமும் கோலம் தெளிவாகத் தெரியும். ஒட்டியதில் துணி மட்டுமே தெரியும்.

சமூகத்தில் கம்பளியின் இடம்

ஆயரின் முரட்டுத் துணிக்குச் சடங்குகளில் உயர்ந்த மதிப்பு இருந்தது. குருபரின் பிரிவுகளுள் இரண்டு, மணமக்கள் கையில் கட்டும் காப்பு நூலால் பெயர் பெற்றவை. ஒரு பிரிவினர் பருத்தி நூலாலும் மற்றவர் கம்பளி நூலாலும் காப்புக் கட்டினர். ஒரு குடியின் உட்பிரிவே நூலால் அறியப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்த குடியினர் ராஜகம்பளத்தார் எனப்படுவர். அவர்களது கூட்டங்களில் கம்பளி விரித்து, அதன் மீது நீர் நிறைந்த கலசம் வைக்கும் வழக்கத்தைத் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். கம்பளி விரித்த இடம் நியாயம் பேசும் இடமாகியது. மடி ஆசாரம் பார்க்கும் வீடுகளில் பட்டைப் போலவே கம்பளிக்கும் தீட்டு இல்லை என்று கொண்டனர்.

பழமொழிகளிலும் கம்பளி உண்டு. ஆற்றில் மிதந்து வந்த கரடியைக் கம்பளி மூட்டை என்று பிடித்தவன் கதையை அறியாத தமிழர் குறைவு. கம்பளி விலை உயர்ந்த பொருளாக இருந்ததால்தான், அதற்கு ஆசைப்பட்டு ஒருவன் வெள்ளத்தில் குதித்தான்.

ரத்தினக் கம்பளத்தின் வழி வேறு

ஆயர் கம்பளி ஊர்ச் சந்தையில் விற்றது. ரத்தினக் கம்பளம் கடல் கடந்தது. சென்னை மாகாணத்தில் ஏலூர், மசூலிப்பட்டினம், வாலாஜாபேட்டை, தஞ்சை அருகே அய்யம்பேட்டை ஆகிய ஊர்கள் கம்பளத்திற்குப் பெயர் பெற்றவை. ஏலூர்க் கம்பளத் தொழில் பாரசீகத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது என்பது மரபு. தக்காணத்தில் நெய்ததாக ஆய்வாளர்கள் கருதும் பழைய கம்பளங்கள் சில, ஜப்பானின் கியோட்டோ நகரில் கியோன் திருவிழா ஊர்திகளை இன்றும் அலங்கரிக்கின்றன.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இத்தொழில் சரிந்தது. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-இல் வெளியிட்ட இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய நூலில், மசூலிப்பட்டினக் கம்பளங்கள் ஒரு காலத்தில் மிகச் சிறந்தவையாக இருந்தன என்றும், மலிவு விலைக்கு ஆசைப்பட்ட இங்கிலாந்து வணிகரின் தேவையே அவற்றைக் கெடுத்தது என்றும் வருந்தினார். சிறைக் கைதிகளைக் கொண்டு குறைந்த செலவில் நெய்த கம்பளங்களும், புதிதாக வந்த செயற்கைச் சாயங்களும் கைவினைஞரைப் பாதித்தன. 1908-இல் ஹென்றி ஹாரிஸ் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றி எழுதிய அறிக்கையிலும் இந்த வீழ்ச்சியின் தடங்களைக் காணலாம்.

குறும்பர் கம்பளிக்கு அந்த ஆபத்து அப்போது வரவில்லை. அதை வாங்கியவர் பக்கத்து ஊர் உழவரும் ஆயரும். வெளிநாட்டு வணிகரின் விருப்பம் மாறியதால் அது கெடவில்லை. அதற்கு வந்த கேடு வேறு திசையிலிருந்து வந்தது.

ஆடு போனால் கம்பளி போகும்: நவாஹோ மக்களின் அனுபவம்

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவாஹோ பழங்குடியினரின் வரலாறு இங்கே ஒப்பிடத் தக்கது. ஸ்பானியர் கொண்டுவந்த சுர்ரோ என்னும் ஆட்டினத்தைக் கொண்டு அவர்கள் கம்பளி நெசவை வளர்த்தனர். 1864-இல் அமெரிக்கப் படை அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது ஆட்டு மந்தைகளும் அழிக்கப்பட்டன. 1868-இல் அவர்கள் திரும்பி வந்த பின், வணிகர்கள் அவர்களது போர்வையைத் தரைவிரிப்பாக மாற்றச் செய்தனர். கீழைநாட்டுக் கம்பளங்களின் கோலங்களைக் காட்டி நெய்யச் சொன்னவர்களும் உண்டு. பழங்குடிக் கோலம் என்று இன்று உலகம் கொண்டாடுவதில் சந்தையின் பங்கும் உள்ளது.

1930-களில் மேய்ச்சல் நிலம் தேய்கிறது என்று கூறி அரசு அவர்களது ஆடுகளைப் பெருமளவில் குறைத்தது. 1970-களில் சுர்ரோ இனம் அழியும் நிலைக்கு வந்தது. 1977-இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைல் மெக்நீல் எஞ்சிய ஆடுகளைத் தேடிச் சேர்த்து இனத்தைப் பெருக்கும் முயற்சியைத் தொடங்கினார். தறியை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். ஆட்டை மந்தையில்தான் காக்க முடியும் என்பதை அவர்கள் அனுபவம் உணர்த்துகிறது.

இன்றைய நிலை

2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7.4 கோடிக்கு மேல் செம்மறி ஆடுகள் உள்ளன. தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் இன்று ஆடு இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகிறது. விரைவில் எடை கூடும் குட்டை மயிர்க் கிடாய்களோடு கலந்ததால் கம்பளி மயிர் குறைந்துகொண்டே வருகிறது. கத்தரிக்கும் கூலிக்குக்கூட மயிரின் விலை போதாத இடங்களில், அதைக் கத்தரித்துக் குப்பையில் போடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் செயற்கை இழைப் போர்வை. அது மென்மையானது, வண்ணமயமானது, விலை குறைவு. மூன்றாவது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ரசாயன உரம் வந்த பின் கிடை போடும் வழக்கமும் குறைந்தது. கிடைக்குக் காவல் இருப்பவர் இல்லையென்றால் கம்பளிக்கும் தேவையில்லை. நான்காவது, பெண்கள் நூற்பைவிட நல்ல கூலி தரும் வேலைகளுக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறை சொல்ல இயலாது. நூற்புக்கு உரிய கூலி கொடுக்காமல் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுவதில் பொருளில்லை.

தமிழ்நாட்டின் விரிப்புகளில் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அது பருத்தி நூலால் ஆனது. நீலகிரித் தோடர் பூத்தையலும் 2013-இல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. குறும்பர் கம்பளியும் அத்தகைய கவனத்திற்குத் தகுதியுடையது. ஆயினும் குறியீடு மட்டும் போதாது. கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை போன்ற இனங்களைக் கலப்பின்றிப் பேணுவதும், முரட்டு மயிருக்குப் புதிய பயன் காண்பதும் அதைவிட முதன்மையானவை. தரைவிரிப்பு, இருக்கை, வெப்பமும் ஓசையும் தடுக்கும் தகடு ஆகியவற்றுக்கு முரட்டு மயிரே ஏற்றது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மாணவர்கள் திருமுல்லைவாயில் கோவிலுக்குச் செல்லும்போது எருக்கந்தூண்களைப் பார்த்துவிட்டு, அவற்றை முன்பு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் மக்களைப் பற்றியும் விசாரிக்கலாம். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள், வீட்டுப் பரணில் பழைய கறுப்புக் கம்பளி உள்ளதா என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் அதன் நீள அகலத்தையும், ஓரக் கோடுகளின் எண்ணிக்கையையும், எந்தச் சந்தையில் வாங்கியது, யார் நெய்தது என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். நெசவாளர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஓலைச்சுவடியில் இடம்பெறாத இந்தச் செய்திகள் அவர்களது நினைவில் மட்டுமே உள்ளன.